கோழிக்குஞ்சு தராத நடைச் சுற்றுலா

மழைக்குள் நின்றுகொண்டு பத்துப் பதினைந்து பேர் ஒரு சுவரைப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? இங்கிலாந்தின் வடக்கே நான் வசிக்கும் இந்தப் பழைய நகரத்தில் சனிக்கிழமைகளில் இது சர்வசாதாரணம். சுவரில் மரண அறிவித்தல் இருக்காது, தேர்தலில் நிற்பவரின் முகம் இருக்காது, ரியூட்டரி வகுப்பு விளம்பரம் இருக்காது. வெறும் கல். அதை அவ்வளவு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். முதன்முதல் இதைக் கண்ட அன்று நான் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தேன். இலங்கையில், வன்னியில் வளர்ந்த எவரும் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் வரிசையைக் கண்டால் முதலில் நிற்பதுதான் முறை. என்னத்துக்கு என்று கேட்பதெல்லாம் பிறகு. கேட்டுத் தெளிந்துவிட்டு வந்து நிற்கிறவருக்கு மா முடிந்திருக்கும், மண்ணெண்ணெய்ப் பீப்பாவைச் சரித்துக்கொண்டிருப்பார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் அம்மா என்னை நிறுத்திவிட்டுப் போய், அரை நாள் கழித்து வந்து, "என்னவாம் குடுக்கினம்?" என்று கேட்பா. எனக்கும் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவருக்கும் தெரியாது. ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன நினைவு எனக்கு அதிகம் இல்லை. அந்தப் பழக்கம் விமானம் ஏறி என்னோடு வந்துவிட்டது.

அன்றைக்கு அந்தக் கூட்டம் ஒரு சுவரை முடித்துக்கொண்டு இன்னொரு சுவருக்குப் போனது. நானும் போனேன். முன்னால் ஒரு பெண் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது சுவரில் என் பொறுமை முடிந்தது. பக்கத்தில் நின்ற மனிதரிடம் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை, இது இலவசம்" என்றார். இலவசம் என்றால் கட்டாயம் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து கடைசி வரைக்கும் நின்றேன். கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள், கலைந்து போனார்கள். ஒரு சவர்க்காரக் கட்டி கூடத் தரவில்லை. அதுதான் வோக்கிங் ரூர், நடைச் சுற்றுலா, என்பதை மஞ்சள் குடைக்காரி சொல்லித்தான் அறிந்தேன். அவள் பெயர் மார்கரெட். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சம்பளம் வாங்காமல், ஆசைக்காக, தன் ஊரின் சரித்திரத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் நடந்து காட்டுகிறாள்.

பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. எந்தத் தெருவில் பன்றிச் சந்தை இருந்தது, எந்த யன்னலை, யன்னலுக்கு விதித்த வரிக்குப் பயந்து, செங்கல் வைத்து அடைத்தார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வீட்டைக் காட்டி, "இது அவ்வளவு பழசில்லை, முந்நூறு வருடந்தான்" என்று மார்கரெட் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லுவாள். ரூர் முடிந்து ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என் ஊரைப் பற்றிக் கேட்டாள். பரந்தன், கிளிநொச்சி, உருத்திரபுரம் என்று சொன்னேன். அவள் நல்ல மனத்தோடு கேட்ட கேள்விதான் இது: "அங்கே நடந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?"

நிறைய இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நின்ற சுவர்களில், யுத்தம் தாண்டி இப்போது நிற்கிற ஒன்றைக்கூட என்னால் நினைக்க முடியவில்லை. பன்றிச் சந்தைக்கே இவ்வளவு மரியாதை இருக்கிற உலகத்தில் எங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லையா என்று எனக்குப் பொல்லாத ரோஷம் வந்தது. பெறாமகளின், தங்கச்சி மகளின், கலியாணத்துக்கு ஊருக்குப் போக ரிக்கெற் போட்டபோது மார்கரெட்டையும் வரச் சொன்னேன். உன் ஊரை எனக்குக் காட்டினாய், என் ஊரை உனக்கு நான் நடத்திக் காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அவள் அடுத்த கிழமையே தொப்பி வாங்கிவிட்டாள்.

பரந்தனில் என் தங்கச்சி வசந்தியின் வீடு. கலியாணம் முடிந்த பிறகு திட்டத்தைச் சொன்னேன். சந்தியில் தொடங்கி, முல்லைத்தீவு றோட்டால் நடந்து, பழைய இரசாயனத் தொழிற்சாலையில் முடிப்பது. வசந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நடந்தோ? ஏன், இவரின்ரை ஓட்டோ நிக்குதெல்லோ?"

"நடக்கிறதுதான் விசயம்" என்றேன்.

அவளுடைய மனுசன் யோகன் ஓட்டோ ஓடுகிறவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதும் நேர்த்தியோ மச்சாள்?" என்று மெல்லக் கேட்டார். எங்கள் ஊரில் சைக்கிள் காற்றுப் போனவரும் கோயிலுக்கு நேர்த்தி வைத்தவரும்தான் வெயிலில் நடப்பார்கள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். வெள்ளைக்கார அம்மா மயங்கி விழுந்தால் ஊர் காறித் துப்பும் என்று சொல்லி, ஓட்டோவைப் பின்னால் உருட்டிக்கொண்டு வருவதாக அவர் தீர்மானித்தார். வசந்தி போத்தலில் தண்ணீர், மயங்கினால் மணக்கக் கொடுக்கத் தேசிக்காய், பிளாஸ்டர் எல்லாம் எடுத்துக்கொண்டாள். பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான் எங்கள் ரூர் புறப்பட்டது.

சந்திக்குப் போவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. போகிற மோட்டார்சைக்கிள் எல்லாம் நின்றது. "எங்க போறியள்? ஏறுங்கோ, விட்டிட்டுப் போறன்." வேண்டாம், நடக்கிறோம் என்றால் யோகனின் ஓட்டோவைப் பார்ப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள், யோகனிடம், "என்ன, பழுதோ?" என்பார்கள். ஓட்டோ நல்லாய்த்தான் இருக்கிறது என்றால், பின்னே ஏன் பெண்டுகளை நடக்கவிட்டிருக்கிறாய் என்று அவருக்கு ஏச்சு விழும். மார்கரெட் ஒவ்வொருவருக்கும் கை காட்டினாள். இந்த ஊரில் உனக்கு எத்தனை நண்பர்கள் என்றாள். ஒருவரையும் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

சந்தியில் நிழல் பார்த்து நின்று, மார்கரெட் செய்வது போலவே குடையை உயர்த்தினேன். ஒரு போன் கடையைக் காட்டி, இந்த இடத்தில் ஒரு பேக்கரி இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாண் வாசம் பஸ்ஸுக்குள் வரும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். கடைக்குள்ளிருந்து ரஹீம் நானா விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய வாப்பா அந்த நாளில் இதே சந்தியில் புடவைக்கடை வைத்திருந்தவர்.

"என்ன தங்கச்சி, கடையைக் காட்டுறியள்? றோட்டு அகலிக்கப் போறாங்களோ? போன முறைதான் முன்பக்கம் உடைச்சனான்!"

இல்லை நானா, சும்மா பார்க்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. வெள்ளைக்காரி, குடை, கடையை நோக்கி நீட்டிய கை. இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஊரில் நல்லது நடந்தது கிடையாது, அல்லது மிகவும் நல்லது நடக்கும். அந்த இரண்டாவது சாத்தியத்தை மரக்கறி வாங்க வந்த பெண்கள் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் மழையில் சுவருக்கு முன்னால் நின்றேனே, அதே நிற்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசை பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டது. சிலருடைய கையில் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி கூட இருந்தது. அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்களோ தெரியவில்லை.

"கோழிக்குஞ்சோ, தையல் மெசினோ?" என்று வரிசையின் முன்னால் நின்றவா கேட்டா. பாக்கியம் அக்கா என்று பிறகுதான் பெயர் அறிந்தேன்.

"ஒண்டுமில்லை அக்கா. ஊரின்ரை சரித்திரத்தை நடந்து பாக்கிறம்."

"அது சரி. பாத்து முடிஞ்சாப் பிறகு?"

"பிறகு வீட்டை போறது."

அவா பெரிதாகச் சிரித்தா. போன முறையும் ஒரு தொண்டு நிறுவனம் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று சொன்னதாம், கடைசிவரை நின்றவர்களுக்கு ஆடு கொடுத்தார்களாம். அதோடு ஒருவரும் போகவில்லை. ரஹீம் நானாவும் கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். ஆடு கிடைக்குமோ இல்லையோ, தன் கடை உடைபடாமல் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு.

என்னுடைய பாடு அதற்குப் பிறகுதான் திண்டாட்டமானது. நான் எதைக் காட்டினாலும் கூட்டம் மறுத்தது. பேக்கரி இந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்றார் ஒருவர். இல்லை, இந்தப் பக்கந்தான் என்றார் இன்னொருவர். பாக்கியம் அக்கா இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தா. "நீங்கள் எப்பத்தை பேக்கரியைச் சொல்லுறியள்? முதல் இடம்பெயர முந்தியோ, பிந்தியோ? மீள்குடியேறினாப் பிறகெண்டால் அது ரெண்டு தரம் மாறீட்டுது." ரஹீம் நானா, "நாங்கள் முஸ்லிம் சனம் வெளியேற முந்தியெண்டால் அந்தப் பக்கம். நாங்கள் வந்தாப் பிறகு பேக்கரியே இல்லை" என்றார். எல்லாரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவரவர் வேறு வேறு ஊரில் நின்று சொன்னார்கள், அவ்வளவுதான். மார்கரெட் என்ன சண்டை என்று கேட்டாள். எந்தக் காலம் என்று விவாதிக்கிறார்கள் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய ஊரில் ரூருக்கு வருகிறவர்கள் தலையை மட்டுந்தான் ஆட்டுவார்களாம்.

எனக்கோ அழுகை வராத குறை. வழியெல்லாம் நான் வாயைத் திறக்க, ஆட்கள் மூட, இரண்டு வீடுகளில் மறித்துத் தேத்தண்ணி தந்தார்கள். நீங்கள் எவடம் என்று கேட்டவர்களுக்கு உருத்திரபுரம் என்றேன். "அது சரி, இப்ப எவடம்?" என்றார்கள். ஒரு மனிதர் என்னை மார்கரெட்டின் மொழிபெயர்ப்பாளர் என்று இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார். இனித் தொழிற்சாலை ஒன்றுதான் மிச்சம். அதாவது என் மானத்தைக் காப்பாற்றட்டும் என்று நடந்தேன்.

வேலிக்கு அப்பால் பற்றை, அதற்குள் இடிந்த சுவர்த்துண்டுகள், துருப்பிடித்த இரும்பு. மார்கரெட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நான் குடையை உயர்த்தினேன். இங்கே கோஸ்ரிக் சோடா செய்தார்கள் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம் என்று, இங்கே ஒரு சங்கு இருந்தது, வேலை தொடங்கும்போது ஊதும் என்றேன்.

"எப்பிடி ஊதும், சொல்லுங்கோ பாப்பம்" என்றார் ரஹீம் நானா. பிறகு அவரே வாயைக் குவித்து ஒரு ஊதல் விட்டார். பிழை என்று நாலு பேர் பாய்ந்தார்கள். ஒருவர் அடித்தொண்டையால் ஊதிக் காட்டினார். இன்னொருவர், அது முடிகிற இடத்தில் ஒரு இழுவை இருக்கிறது என்று தனியாக அந்த இழுவையை மட்டும் ஊதினார். கோழிக்குஞ்சுக்கு வந்த சனம் முழுதும் முல்லைத்தீவு றோட்டில் நின்று ஊ, ஊ என்று ஊதியது. நாய்கள் சேர்ந்துகொண்டன. ஒரு பஸ் நின்றே விட்டது. இது ஏதோ வழிபாடு என்று நினைத்து மார்கரெட் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் ஊதினாள். அவளுடையது கப்பல் சத்தமாக இருந்தது.

நானும் ஊதினேன். மெல்லிய, தூரத்துச் சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். "உது நுளம்பு இரையிற சத்தம்" என்றார் யோகன். பாக்கியம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து என் கையைப் பிடித்தா.

"இவா ஊதினது சரி. நானும் அப்ப உருத்திரபுரத்திலைதான். காத்து இஞ்சயிருந்து அடிச்சால் எங்கடை பக்கம் உப்பிடித்தான் கேக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுறோட்டில் குடையோடு நின்று அழுதேன். வசந்தி தேசிக்காயை என் மூக்கடியில் பிடித்தாள். மார்கரெட், இங்கே பார்க்க இவ்வளவு இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்றாள். அவள் பார்த்த திசையில் பற்றையும் ஒரு மாடும் மட்டுந்தான் இருந்தன. ஆனால் அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

கலைந்து போகலாம் என்றால் படம் எடுக்காமல் எப்படிப் போவது என்று ரஹீம் நானா மறித்தார். படம் இல்லாவிட்டால் நடந்ததற்கு அத்தாட்சி இல்லை. எதிரே தேத்தண்ணிக் கடையிலிருந்து இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. விருந்தாளிகள் முன்னால், ஊராட்கள் பின்னால். கூட்டம் யாரும் சொல்லாமலே வரிசை கட்டியது. ஒரு கதிரையில் மார்கரெட் இருந்தாள். மற்றதை நானா என் பக்கம் தள்ளினார்.

"நான் ஊராள் நானா, பின்னுக்கு நிக்கிறன்."

"ஓம் ஓம், ஊராள்தான். இருங்கோ."

பின்னால் பார்த்தேன். வசந்தியும் பாக்கியம் அக்காவும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், இடைவெளி இல்லை. வசந்தி, "இரு அக்கா, எங்களை மறைக்கிறாய்" என்றாள். சரியென்று கதிரையில் இருக்கப் போனேன். மனம் கேட்கவில்லை, எழும்பினேன். இதற்கிடையில் யோகன் படத்தை எடுத்துவிட்டார். அதோடு அவருடைய போன் செத்துவிட்டது.

அந்த ஒரு படந்தான் இருக்கிறது. மார்கரெட் அதைச் சட்டம் போட்டுத் தன் வரவேற்பறையில் வைத்திருக்கிறாள். வசந்தி வாட்ஸ்அப் முகப்பில் போட்டிருக்கிறாள். மார்கரெட் கதிரையில் நேராக இருக்கிறாள், பின்னால் சனம் நேராக நிற்கிறது. நான் ஒரு கை கதிரைப் பிடியில், முழங்கால் மடிந்து, பின்பக்கம் அந்தரத்தில் நிற்கிறேன். இருக்கப் போனாயா, எழும்பினாயா என்று இரண்டு பேரும் கேட்டார்கள். எழும்பினேன் என்று வசந்திக்குச் சொன்னேன். இருக்கப் போனேன் என்று மார்கரெட்டுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.