மெட்ராஸ் மெயிலை வெட்டித் தைத்த சரசு

வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். பூக்காரர் எனக்குரிய மல்லிகையோடு, சரசுவுக்கென்று வழக்கமாக எடுத்து வைக்கும் கதம்பத்தையும் என் கூடையில் போட்டார். "அந்த மாமி காலம்பற போயிட்டாங்களாம்மா. இதை நீங்களே கொண்டுபோய் அவங்களுக்குப் போட்டுடுங்க" என்றார். அவள் இறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது. கதம்பத்தைக் கூடையிலிருந்து எடுத்துத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

நம் மாதுங்கா பஜனை மண்டலியில் சரசுவை அறியாதவர் இல்லை. தாளம் தப்பினால் ஜால்ராவை நிறுத்திவிட்டு உரக்கச் சிரிப்பாள். ஆனால் அவள் ஒரு ரயில் பெட்டியையே மாற்றிக் கட்டியவள் என்பது பலருக்குத் தெரியாது. அப்போது பக்கத்து வீட்டில் இருந்த நான் கூட இருந்து பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு பரபரக்கிறது.

அவள் தம்பி மணி லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். கப்பலில் ஊர் திரும்பிய செம்பூர் வைத்தி மாமாவிடம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பினான். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் முழங்கை நீளத்துக்கு ஓர் இங்கிலீஷ் ரயில் பெட்டி வரும். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் வரும் எந்தச் சின்னப் பொருளும் கொலுவுக்குத்தான் என்று நினைப்பவர்கள் நாங்கள். சரசு படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏண்டி ஜெயா, ஜன்னலுக்குக் கம்பியே காணோமே? ஸ்டேஷன்ல நின்னா எவனாவது கூஜாவைக் கைநீட்டி எடுத்துண்டு போயிடுவான். இதுல நம்மாத்து மனுஷா எப்படிப் போவா?"

"சாமி முன்னாடி வைக்கறதுதானே. இருந்துட்டுப் போறது" என்றேன்.

"மெட்ராஸ் மெயில் தேர்ட் கிளாஸா மாத்திடலாம்."

வீட்டுக் கணக்கை எழுதும் ஒழுங்கோடு நான் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளந்து குறிக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவள் சவர பிளேடை எடுத்துவிட்டாள். "அளக்காம வெட்டறியே" என்று நான் பதறினேன். "வெட்டினாத்தானே தெரியும்" என்றாள். அவள் வாயில் அடிக்கடி வரும் சொல் அது.

இங்கிலீஷ் பெட்டிக்கு நெடுக வரிசையாகக் கதவுகள். இரண்டு முனைகளிலும் உள்ள கதவுகளை மட்டும் விட்டு, மற்றவற்றைச் சோப்பு அட்டையால் அடைத்தோம். ஜன்னல் துண்டுகளை எடுத்தெறிந்து, துடைப்பத்து ஈர்க்கைச் சீவிக் கம்பிகளாக ஒட்டினோம். நிறத்துக்குக் கோலத்துக் காவி. ஒட்டுவதற்கும் காவியைக் குழைப்பதற்கும் அரிசிமாவுப் பசை. அங்கேதான் தப்பு செய்தோம். கொலு வைக்கிற இரண்டு பெண்பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் ரயிலுக்கு அரிசிமாவு பூசமாட்டார்கள். மறுநாள் பார்த்தால் கரப்பான் பூச்சிகள் பசையைத் தின்றுவிட்டு, ஈர்க்குகளை உதிர்த்துப் போட்டிருந்தன. வண்டி சொறி பிடித்தது போல் நின்றது.

சரசு அசரவில்லை. ஊசியைச் சுட்டு ஜன்னல் ஓரங்களில் துளையிட்டாள். கறுப்பு நூலைக் கோத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எல்லா ஜன்னல்களுக்கும் கம்பி தைத்துக்கொண்டே போனாள். கடைசி முடிச்சைப் போட்டு நூலை இழுத்ததும் அத்தனை கம்பிகளும் ஒரே சமயத்தில் விறைத்து நின்றன. நான் கைதட்டிவிட்டேன். தெருக்கோடித் தச்சர் கொடுத்த மர பாலிஷில் காவியைக் குழைத்துப் பூசினோம். அப்பழுக்கில்லாத மெட்ராஸ் மெயில்.

கொலுவுக்கு வந்த வைத்தி மாமா சுண்டலை மென்றபடியே சொன்னார்: "பேஷ். ஆனா மணி தானே வந்து அதை ஒட்டிச் சேர்க்கணும்னான். ஒரு குளிர்காலம் பூரா ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சுண்டு வாங்கினதாம். பத்திரமா வைக்கச் சொன்னான். சொல்ல மறந்துட்டேன் போலிருக்கு."

சரசு சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தாள். மணி விஜயதசமியன்று கப்பலில் வந்து இறங்குகிறான். மாமா போனதும் நான் யோசனை சொன்னேன்: "உள்ளே எடுத்து வை. அவன் குளிச்சு, சாப்பிட்டு, ரெண்டு நாள் ஆகட்டும். மெதுவாச் சொல்லிக்கலாம்."

"ரெண்டு நாளும் அவனுக்கு எப்படிடி சாதம் போடுவேன்?" என்றாள்.

மணி வாசலில் வந்து நின்றான். ஆரத்தித் தட்டோடு இருந்தவள் சுற்றவில்லை.

"மணி, உன் ரயிலை வெட்டிட்டேன்டா. உன்னுதுன்னு தெரியாது. பெட்டியைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

அவன் பூட்ஸோடு நேரே கொலுவுக்கு முன்னால் போனான். படியிலிருந்து வண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூல் கம்பியை நகத்தால் மீட்டினான்.

"எந்த வண்டி இது?"

"மெட்ராஸ் மெயில். தேர்ட் கிளாஸ்."

"கக்கூஸ் எங்கே?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை மறந்தே போயிருந்தோம்.

"மெட்ராஸ் வரைக்கும் எப்படிக்கா போறது?" என்றவன் குரல் உடைந்து சிரிப்பாயிற்று. "அங்கே தினம் இங்கிலீஷ் வண்டியைத்தான் பாக்கறேன். பிளேடைக் கொடு."

பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கக்கூஸுக்கான சின்ன ஜன்னலை அவனே வெட்டினான். லீவு முடிந்து திரும்பிப் போகும்போது வண்டியை லண்டனுக்கு எடுத்துப்போனான்.

சரசு என்னிடம் விட்டுப்போனது, வாசலில் அவள் தட்டோடு நின்ற அந்த நிலை. காப்பி கொடுத்து, முகம் பார்த்து, நேரம் பார்த்துப் பேசுகிறவளாக இருந்தேன். இப்போது என்னவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விளக்கேற்றி நிற்கும்போதும் அப்படித்தான். அன்றைக்குச் செய்த தப்பை முதலில் சொல்கிறேன். சுலோகம் அதற்குப் பிறகு.