தெறித்த கறை

குளியலறையில் வாளி சாய்ந்து உருளும் சத்தம் கேட்டது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள், “என்ன கண்ணு, வழுக்கி விழுந்துட்டியா?” என்று மகளைக் கேட்டாள். ஒரு நெடி மட்டும் வந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற பிளீச்சின் நெடி. பத்தொன்பது வருடங்களாக அவள் மூக்கிலேயே குடியிருப்பது.

அவள் பார்வை தானாக அறைக் கதவுக்குப் போனது. முந்தின நாள் தேய்த்து மாட்டியிருந்த நீலச் சேலையைக் காணோம். வெறும் ஹேங்கர் தொங்கிக்கொண்டிருந்தது.

மணி எட்டேகால். பத்து மணிக்கு நர்சிங் கல்லூரியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு.

ஆமாம், மகளுக்கு இல்லை, அவளுக்குத்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கணவன் அதே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது, அவன் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பும் துவைக்க அவள் கைக்கே வந்தது. வார்டு எண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அழுதுகொண்டே அலசினாள். அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரைச்சலில் வாய்விட்டுப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். ஊழியர்களுக்கென்று கல்லூரியில் சில இடங்கள் உண்டு. வயது வரம்பு நாற்பது. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான்.

மகளும் விண்ணப்பம் போட்டிருந்தாள். சொல்லப்போனால் மகள்தான் முதலில் போட்டாள். துணைக்கு அம்மாவையும் போடச் சொன்னதும் அவளே. தபால் வந்த அன்று வாசலுக்கு ஓடிப்போய் உறையைக் கிழித்தவளும் அவள்தான். உள்ளே அம்மாவின் பெயர் இருந்தது. அதன் பிறகு எந்த உறையும் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று.

எதை உடுத்திப் போவது என்று சலவைக்கூடமே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. சீருடையிலேயே போ, உழைக்கிறவள் என்று தெரியட்டும் என்றார்கள். அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “இத்தனை வருஷமா சீருடையத்தான் பாத்தாங்க. நாளைக்கு ஒரு நாளாவது மூஞ்சியப் பாக்கட்டும்” என்றாள். வெளியே கட்டிப் போகிற மாதிரி அவளிடம் இருந்தது அந்த நீலச் சேலை ஒன்றுதான்.

இப்போது அது குளியலறைத் தரையில் நனைந்து கிடந்தது. மார்புக்கு வருகிற இடத்திலிருந்து கொசுவம் வரை ஒரே வெள்ளைப் பட்டை. மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். ஏதோ கறை தெரிந்ததாம், எடுக்கப் போனாளாம், பாட்டில் கை தவறித் தெறித்துவிட்டதாம். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரம் என்றால் துண்டில் சுற்றி மிதித்து, தேய்த்து, அரை மணியில் உலர்த்தியிருப்பாள். போன சாயத்தை எங்கே போய்ப் பிடிப்பாள்? சேலையை மடியில் போட்டுக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சி அக்கா வந்தாள். சலவைக்கூடத்தில் கஞ்சி போடுகிற பிரிவுக்குத் தலைவி. பேச்சும் அப்படியே விறைப்பு. வேலைக்குப் போகிற வழியில், கொசுவம் மடித்துவிடலாம் என்று வந்தவள். சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் பட்டையின் ஓரத்தைத் தடவினாள்.

“ஏன் புள்ள, இது எப்படி ஆச்சு?”

“தெறிச்சிடுச்சுக்கா” என்றாள் தாய்.

“தெறிச்சா புள்ளி புள்ளியால்ல இருக்கும்? யார்கிட்ட கதை விடற? இது நின்னு நிதானமா ஊத்தினது.”

மகளின் தலை இன்னும் தாழ்ந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கறையைப் பார்த்தே அது விழுந்த கதையைச் சொல்லிவிடுகிற இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற பெண்ணை அடிக்கலாம், கத்தலாம். ஆனால் அந்தக் குனிந்த தலையில், உறையைக் கிழித்துவிட்டு நின்ற அன்றைய முகம்தான் அவளுக்குத் தெரிந்தது.

“இல்லக்கா” என்றாள். “தெறிச்சதுதான். எனக்குத் தெரியாதா?”

கஞ்சி அக்கா சுவரில் மாட்டியிருந்த தாயின் சாம்பல் நிறச் சீருடையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது சீருடை அவள் மேல் பிதுங்கிக்கொண்டிருந்தது. நடுப் பொத்தான் எட்டவேயில்லை. கையில் அவள் உடுத்தி வந்த சேலை. கத்திரிப்பூ நிறம், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள்.

“கட்டு. பாக்கறவங்க கண்ணு கூசும். கூசட்டும், உன் மூஞ்சி மறக்காது.”

“நீங்க இதோட எப்படிக்கா ரோட்ல…”

“என்னை யாரு பொண்ணு பாக்கவா வராங்க? எந்திரி.”

அவளை எழுப்பி நிறுத்தி, குழந்தைக்குக் கட்டுவது போல் சேலையைச் சுற்றிக் கொசுவம் செருகிவிட்டாள் அக்கா. நீல ஜாக்கெட்டுக்கும் அந்தச் சேலைக்கும் ஏழாம் பொருத்தம். கண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. அக்கா துடைக்கவில்லை, நேரமில்லை. மணி எட்டே முக்கால். தன் ஷிஃப்டுக்கும் தாமதம் என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டினாள்.

அப்போது பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

“பெரியம்மா… ஊத்தினதுதான்.”

அக்கா நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

“எனக்கும் தெரியும், உங்கம்மாவுக்கும் தெரியும். அழறதுன்னா சாயங்காலம் அழு. இப்ப அவ முந்தானை நிக்கல, வந்து ஊக்கு குத்து.”

மகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். அக்கா அதற்கு மேல் பார்க்கவில்லை. எட்டாத பொத்தானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.