இரண்டு வரிசைக் கோடுகள்

கண்ணாடியை அளப்பது அவள் வேலை. கேட்கச் சுலபம்தான். திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டுவாள். அவை கண்ணாடியில் பட்டுத் தெரிவதைக் கேமரா படம் பிடிக்கும். கோடு நேராக இருந்தால் பரப்பு சமம், நெளிந்தால் பள்ளம். ஆனால் கண்ணாடி பொல்லாதது. மேல்பக்கம் ஒரு பிம்பம், அடிப்பக்கம் இன்னொன்று என்று காட்டி ஆளைக் குழப்பும். அதனால் அடியில் கறுப்பு மை பூசி, ஒவ்வொரு பக்கமாகத்தான் அளக்க வேண்டும்.

அன்று காலை வந்தது, அவள் கணவர் வேலை பார்க்கும் பாய்லரின் கண்ணாடி. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அவர் முகத்தை ஒட்டி வைத்துப் பார்க்கும் தடித்த வட்டம். அவரே தூக்கி வந்திருந்தார்.

"போன தடவை மைக் கறையோட குடுத்தே. துடைச்சுத் துடைச்சுக் கையே ஓஞ்சு போச்சு. கட்டின புருஷன் மேல கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?"

அவள் சிரித்துத் தொலைத்தாள். மை பூசாமலே அளந்து கொடுத்தாள். கோடுகள் நேராகத்தான் இருந்தன.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஏதோ உறுத்த, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேர்க்கோடுகளுக்கு அடியில் மங்கலாக இன்னொரு வரிசை. ஓரத்தில் அது நெளிந்து கிடந்தது. அடிப்பக்கத்தில் பள்ளம். அழுத்தம் ஏறினால் அங்கேதான் விரிசல் விடும்.

அவசரத்தில் அவர் எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாவி, எடுத்துத் தொலைக்கக் கூடாதா?

"என்ன, அதுக்குள்ள என் ஞாபகமா?"

"என்னங்க, அந்தக் கண்ணாடிகிட்ட போகாதீங்க! நான் தப்பா அளந்துட்டேன். தீயை நிறுத்திட்டு வெளிய வாங்க."

"இப்பதான் மாட்டி அழுத்தம் ஏத்தியிருக்கேன். நல்லாத்தானே இருக்கு, இரு, கிட்டப் போய்ப் பாக்கறேன்..."

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வாங்க!"

அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை. தீயை நிறுத்தும் சத்தம். ஓடும் காலடி. இரும்புக் கதவை அறைந்து சாத்தும் ஓசை. பிறகு வெடிச்சத்தம். அதன்பின் நீராவி சீறுவது மட்டும் கேட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறேன்." குரல் அவருடையதாகவே இல்லை. "போனை வைக்காதே. ஏதாவது பேசு."

வாய் ஓயாதவள் என்று பெயரெடுத்தவளுக்கு வந்தது ஒரே சொல்தான். "என்னங்க" என்றாள். மறுபடியும் "என்னங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்றார்.