துருத்தி நின்ற வாரம்

பெருந்துறையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் வரவேற்பு மேசையில் ஒரு அம்மா இருந்தார். கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். உள்ளே நுழைகிறவர்களை "ஏனுங்க" என்று நிறுத்தி, வந்த போன் அத்தனையையும் கேட்காமலே ஒப்பிப்பார்.

ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர் அவர் காதுபடவே அவரை "விண்ட்பேக்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "அந்த வார்த்தையப் போன்ல தேடிப் பார்த்தேனுங்க. மொதல்ல காத்து ஊதற துருத்திக்குத்தான் அந்தப் பேராமுங்க. அப்பறந்தான் சும்மா பேசறவங்கள அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிருக்கறாங்க. துருத்திய நிறுத்திப்போட்டா உலை என்னாகும்னு சாருக்குத் தெரியோணுமில்லீங்க."

அதன்பின் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அடுத்த வாரம், ஆர்டர் கொடுக்க இருந்த ஜெர்மன்காரர் ஒரு நாள் முன்னதாகவே வருவதாகப் போன் செய்தார். மேனேஜர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேனேஜர் காங்கேயத்தில் கல்யாணப் பந்தியில் இருந்தபோது ஜெர்மன்காரர் வந்து, காத்திருந்து, போய்விட்டார்.

மேனேஜர் கத்தியபோது அந்த அம்மா எழுந்து நின்று, "நீங்க கேக்கலீங்களே சார்" என்றார். அவ்வளவு மரியாதை.

அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். வேலையை விடும்வரை தினமும் அந்த மேசைக்குப் போய், "எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சுங்களா" என்று நானே கேட்டேன். "இல்லீங்க" என்று புன்னகைப்பார். ஒருநாளும் நான் நம்பியதில்லை.