மூஸா பாய் கொடுத்த கல்

முதலில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்களை நிறுத்துவார். அறையில் இரைச்சல் அடங்கும். அதுவரை தொட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்த பவளங்கள் அசையாமல் நின்றுவிடும். குழைத்த சுண்ணாம்பை ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்றி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெங்கசாமி கையைத் தண்ணீருக்குள் இறக்குவார். பாறை இடுக்கில் பழுப்பாக ஒரு சிறு பூ விரிந்திருக்கும். சுற்றிலும் நூல் நூலாக இதழ்கள், நடுவில் வாய். நிழல் பட்டாலே இடுக்குக்குள் சுருங்கிப் போய்விடும். "வா ராசா, வாயத் தொற" என்று உதட்டுக்குள் முனகுவார். ஒரு சொட்டுச் சுண்ணாம்பு வாய்க்குள் விழுந்ததும் அது வெளுத்துச் சுருண்டுகொள்ளும். அப்புறம்தான் மூச்சை விடுவார்.

திருவையாற்றுக் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டின் நடு அறையில், குளிரூட்டும் பெட்டியும் நீல விளக்குமாக ஒரு துண்டுக் கடல். ஐந்து ஆறுகள் ஓடும் ஊரில் உப்பைக் கரைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாரே என்று வருகிறவர்கள் கேலி செய்தால், "ஆத்துல தண்ணி வந்தாத்தாங்க எனக்குக் கடல்" என்பார். கேலிக்குப் பதில் மாதிரி இருந்தாலும் அது உண்மைதான். வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்களில் ஆழ்குழாய் மோட்டார்கள் இரவு பகலாக ஓடிப் புகைந்து, கடை வாசலில் வரிசையாக வந்து நிற்கும். தண்ணீர் வந்துவிட்டால் கடையில் ஈ ஆடும். அவர் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

நாள் முழுதும் தாமிரக் கம்பி சுற்றுகிற கை. கடல் உயிர்களுக்குத் தாமிரம் ஆகாது. அதனால் தொட்டியைத் தொடுவதற்கு முன் புளியைக் கரைத்து முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார். குழம்புக்கு வைத்த புளி காணாமல் போனால் மனைவி அகிலாண்டம் யாரையும் விசாரிப்பதில்லை.

அந்தப் பழுப்புப் பூவை, கடல்தொட்டி வைத்திருப்பவர்கள் ஏப்டேசியா என்பார்கள். கடல் சாமந்தி வகையில் ஒரு குட்டி இனம். பாறையில் ஒட்டிக்கொண்டு தெரியாமல் வந்து சேரும். பிறகு பக்கத்தில் இருக்கும் பவளங்களைக் கொட்டிக் கொட்டிச் சாகடிக்கும். ரெங்கசாமி அதற்கு வைத்திருக்கும் பெயர் கோரை. ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"வயல்ல கோரையப் புடுங்கினா கெழங்கு உள்ளயே நின்னுக்கும்ல? அதே சாதிங்க இது. மொதல்ல வெவரம் தெரியாம கத்தியால சொரண்டினேன். சொரண்டின துணுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா மொளச்சு நிக்குது. கூர்மூக்கு மீனு ஒண்ணு வாங்கிவிட்டேன், இதத் தின்னும்னு சொன்னாங்க. நாலு வாய் தின்னுச்சு. அப்பறம் அதுவும் செத்துப்போச்சு. எறா விட்டேன். அது குட்டியா இருக்கறதத் தின்னுட்டுப் பெருசு பக்கம் போகவே இல்ல."

"வயலா இருந்தா இதுக்குள்ள நாலு போகம் அறுத்திருக்கலாம்" என்று அகிலாண்டம் உள்ளிருந்து சொன்னார்.

ரெங்கசாமி அதற்குச் சிரிக்கவில்லை. கோரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்கு மூஸா பாயின் நினைவு வந்துவிடும்.

முத்துப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் மூஸா. துபாயில் ஹோட்டல்களின் மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். டெல்டாவில் கடல்தொட்டி வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறார்கள். இருவரும் அதில் இருந்தார்கள், முகம் பார்த்ததில்லை. கஜா புயல் அடித்த மறுநாள், எங்கோ சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து மூஸா ஒரு வரி போட்டார்: 'கரண்ட் இல்லை. தொட்டி போயிரும்.' ரெங்கசாமி கடையில் இருந்த ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் தென்னை மரங்கள் சாலையில் விழுந்து கிடந்தன. அறுத்து ஒதுக்கியவர்களோடு சேர்ந்து இவரும் மரம் இழுத்தார். இருட்டுகிற நேரத்தில் முத்துப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது, கூரை ஓடு பறந்த வீட்டு வாசலில் நின்ற மூஸா முன்பின் தெரியாத அந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். மின்சாரம் வரும்வரை ஜெனரேட்டர் அங்கேயே ஓடியது. தொட்டி பிழைத்தது.

அன்று தொடங்கிய சிநேகம். மூஸாவுக்கு அவர் 'ரெங்கு' ஆனார். 'வாடா ரெங்கு', 'போடா ரெங்கு' என்று இந்த வயதில் அவரைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. மூஸா தன் தொட்டியில் வளர்த்த பவளத்திலிருந்து ஒரு துண்டை, ஒட்டியிருந்த கல்லோடு எடுத்துக் கொடுத்தார். பச்சைப் பொத்தான்கள் கொத்தாக மலர்ந்ததுபோல் இருக்கும். குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் இப்படித்தான் கொடுப்பார். யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்தக் கல் வந்து சில மாதம் கழித்து ரெங்கசாமியின் தொட்டியில் முதல் கோரை தலைகாட்டியது. அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே. பிறகு மளமளவென்று பெருகி, அவர் ஆசையாக வளர்த்த பவளம் ஒன்றைக் கரைத்துவிட்டது.

"அந்தக் கோவத்துல போட்டோ புடிச்சுக் குரூப்ல போட்டுட்டேங்க. 'முத்துப்பேட்டைக் கல்லு வாங்கினவங்க எல்லாம் தொட்டியப் பாத்துக்கங்க, எனக்கு வந்து சேந்தது இதுதான்'னு எழுதினேன். பாய்க்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணல."

மூஸா என்ன பதில் போட்டார் என்று கேட்டேன்.

"'மன்னிச்சுக்க ரெங்கு, பாக்காமக் குடுத்துட்டேன் போல'ன்னு போட்டாரு. அதுக்கு நான் பதிலே போடலீங்க."

மற்றவர்கள் போட்டார்கள். ஒருவர் மூஸா கொடுத்த கல்லைக் குப்பையில் எறிந்துவிட்டதாக எழுதினார். இன்னொருவர், ஓசியில் கொடுத்தபோதே சந்தேகப்பட்டதாக எழுதினார். சில நாளில் மூஸா குழுவிலிருந்து விலகிவிட்டார்.

ரெங்கசாமி அந்தக் கல்லை எறியவில்லை. அதிலிருந்துதான் கோரை வந்தது என்று மூஸாவுக்கே காட்டவேண்டும் என்று இருந்தது. சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து, கல்லைத் தனியாக அதில் வைத்தார். கோரை முளைக்கட்டும், படம் எடுத்து அனுப்பலாம் என்று காத்திருந்தார். தினமும் பார்த்தார். பச்சைப் பொத்தான்கள் பெருகின, கல் முழுக்கப் படர்ந்தன, கண்ணாடிவரை எட்டிப் பார்த்தன. கோரை மட்டும் முளைக்கவே இல்லை.

பெரிய தொட்டியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டதால் ஒருநாள் எல்லாப் பாறைகளையும் தூக்கவேண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது, தொட்டி வாங்கிய புதிதில் சென்னையிலிருந்து வரவழைத்த பெரிய பாறை. மூஸாவை அவர் அறிவதற்கும் முந்தியது. அதைப் புரட்டினார். வெளிச்சமே படாத அடிப்பக்கத்தில் கோரைகள் கும்பலாக இருந்தன. மேலே இருந்தவற்றை எல்லாம் குட்டிகள் என்று சொல்லும்படி, ஒவ்வொன்றும் பழுத்துப் பருத்திருந்தது.

பாறையைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாராம். தரையெல்லாம் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு என்ன என்று அகிலாண்டம் கேட்டிருக்கிறார்.

"நம்ம வீட்லயே இருந்திருக்கு."

சொல்லிவிட்டுப் பாறையை வாளியில் இறக்கினாராம்.

நடந்ததைக் குழுவில் எழுதினார். நாலைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதைப் பார்க்கவேண்டியவர் குழுவில் இல்லை. பிறகு போன் செய்தார். மூஸா முழுவதும் கேட்டுவிட்டு, "இருக்கட்டுங்க" என்றாராம்.

"அந்த 'ங்க' எதுக்குன்னு ரொம்ப நாள் யோசிச்சேங்க" என்றார் ரெங்கசாமி.

இப்போதெல்லாம் குழுவில் யாராவது, இன்னாரிடமிருந்து இந்தப் பூச்சி வந்தது, அந்தப் பாசி வந்தது என்று ஆரம்பித்தால் உடனே ஒரு வரி போடுவார்: 'மொதல்ல உங்க அடிப்பாறையப் பொரட்டிப் பாருங்க.' வேறெதிலும் முந்திக்கொண்டு பேசாத மனிதர். புதிதாகச் சேர்ந்தவர்கள் இவருக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நேரில் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குறுவை முடியட்டும் என்பார். சம்பா நட்டு முடியட்டும் என்பார். வயலே இல்லாதவருக்கு நடவு எதற்குத் தடையாக இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. போன தை மாதத்தில் ஒருநாள் அவரே வந்து, "கூட வர்றீங்களா? தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றார்.

பட்டுக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போனோம். அந்தக் கல்லை உப்புத் தண்ணீரோடு ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து மடியில் ஏந்தியிருந்தார். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் பெட்டியை இருக்கையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூஸா மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி நூர்ஜஹான் இருந்தார். "வாங்கண்ணே, அக்கா வரலியா?" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ரெங்கசாமி உட்காரவில்லை. கடைச் சுவரோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் பிவிசி குழாய் வளைவுகளும் இணைப்புகளும் அளவு வாரியாகக் குவிந்திருந்தன.

"தொட்டிய எடுத்துட்டீங்களா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? அது அப்பவே" என்று நூர்ஜஹான் சொல்லத் தொடங்கினார். குறை சொல்கிற தொனி அதில் இல்லை. "நீங்க அனுப்பின போட்டோவப் பாத்துட்டு, தொட்டியப் பூதக்கண்ணாடி வெச்சு வெச்சுப் பாத்தாரு. ஒண்ணும் தெரியல. நம்மகிட்ட வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்குமேன்னு அதே வேதனை. மீனையெல்லாம் பட்டுக்கோட்டையில ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. பாறைய ஒவ்வொண்ணா வெள்ளை பேசின்ல வெச்சுப் பொரட்டிப் பாத்தாரு. பாத்துட்டு கொல்லையில வெயில்ல காயப் போட்டுட்டாரு. ஒரே காக்கா. வீடு பூரா கடல் செத்த வாடை."

"பொரட்டினப்பவாவது ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டது நான்.

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்பறம் ஏன் காயப் போட்டாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'ரெங்கு சொல்லிட்டான்ல, இருக்கும்'னாரு."

ரெங்கசாமி பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்திருக்கிறார். தெர்மாகோல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து தரையில் சிதறிக் கிடந்தது. குனிந்து அதையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புயலில் தான் காப்பாற்றிய தொட்டி தன் ஒரு வரியில் போனதை அப்போதுதான் அறிந்தார்.

மூஸா வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே, "வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?" என்றார். முகத்தில் நல்ல சிரிப்புதான். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். கொடுவா மீன் குழம்பு. ரெங்கசாமியின் இலையில் துண்டு தீரத்தீர அவரே எடுத்து வைத்தார். மோட்டார்களைப் பற்றி விசாரித்தார். அந்த வருட மழையைப் பற்றிப் பேசினார். கை கழுவி முடித்த பிறகு ரெங்கசாமியால் தாங்க முடியவில்லை.

"பாய், நான் பண்ணினது தப்பு."

"அதான் போன்ல சொல்லிட்டீங்களே."

"தொட்டிய எடுத்தது எனக்குத் தெரியாது பாய்."

மூஸா ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். ரெங்கசாமி பெட்டியைத் திறந்தார். பயண அலுப்பில் பவளம் முழுக்க மூடிக் கிடந்தது. மூஸா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வாசல் வெயில் நேரே படாமல் உள்ளங்கையால் மறைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்கு வந்த ஆளை நூர்ஜஹான் ஏதோ சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு பொத்தான் மெல்ல விரிந்தது.

"நல்லா வளந்திருக்கு" என்றார் மூஸா. "நல்லாப் பாத்திருக்கீங்க."

"இது உங்க கல்லு பாய். சுத்தமா வெச்சிருக்கேன். எடுத்துக்கங்க. தொட்டி, மோட்டாரு எல்லாம் நானே வந்து மாட்டித் தர்றேன்."

மூஸா கண்ணாடியைக் கழற்றினார். "வேணாங்க. இப்பல்லாம் அந்த நெனப்பே வர்றதில்ல. உங்ககிட்டயே இருக்கட்டும்."

ரெங்கசாமி இன்னொரு முறை கேட்க வாயெடுத்தார். அதற்குள் மூஸா வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு, "தண்ணி சூடாகறதுக்குள்ள கெளம்பிடுங்க. பட்டுக்கோட்டை பஸ் இப்ப வரும்" என்றார்.

சொன்னவர் உள்ளே போய் குளிர்பெட்டியிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கல்லில் இடிக்காதபடி பெட்டியின் ஒரு மூலையில் பதவிசாக வைத்தார். கடையிலிருந்த டேப்பை எடுத்து இழுத்தார். ரெங்கசாமி மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ள, மூஸா சுற்றிலும் ஒட்டிக்கொண்டே வந்தார். ஒட்டி முடித்து, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு நிமிர்ந்தார். ரெங்கசாமியின் கைகள் மூடியை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன.