காலியாக இருக்க வேண்டிய தட்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தட்டுகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, கிருமி வளர்க்கும் கூழை ஊற்றி வைப்பது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. பக்கத்தில் யார் தும்மினாலும், படித்தவர் என்றுகூடப் பார்க்காமல் விரட்டிவிடுவாள். அவள் தட்டில் வேண்டாத கிருமி ஒன்றுகூட முளைத்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

இந்த மாதம் கூழில் குரோமியம் கலந்தார்கள். "நல்ல தண்ணியில இருக்கற கிருமி இந்த விஷத்தைத் தொட்டதும் செத்துடும்க்கா. பிழைச்சு வளருதுன்னா, அது ரொம்ப நாளா விஷத்துலயே ஊறினதா இருக்கும்," என்றார் ஆராய்ச்சி செய்யும் மேடம். கழிவுநீரைச் சுத்தம் செய்ய அப்படிப்பட்ட கிருமியைத்தான் அவர் சாக்கடை சாக்கடையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தட்டக்காவுக்குத் தன் வீட்டுக் குடிதண்ணீர்க் கிணறு ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் முலாம் பூசும் பட்டறை. அங்கே பளபளப்புக்குப் பூசுவதும் இதே குரோமியம்தான். பட்டறைக்கும் அவள் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர். வீட்டில் மகளுக்கு ஏழாம் மாதம். திங்கட்கிழமை, மிச்சமிருந்த குரோமியத் தட்டில் கிணற்றுத் தண்ணீரை ஒரு துளி விட்டு, அடியில் அடையாளமாக ஒரு புள்ளி வைத்து, மற்ற தட்டுகளோடு வெப்பப் பெட்டிக்குள் தள்ளினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைத்தாச்சியை வீணாகக் கலங்கடிப்பானேன் என்று மகளிடமும் சொல்லவில்லை.

புதன் காலை மேடம் பெட்டியைத் திறந்தார். முதல் தட்டு காலி. இரண்டாவதும் காலி. மேடத்தின் முகம் தொங்கத் தொங்க, தட்டக்காவுக்கு உயிர் வந்தது. கடைசித் தட்டைத் தூக்கியதும் மேடம் குதித்தேவிட்டார்.

"அடேங்கப்பா! தட்டு பூராவும் வளர்ந்திருக்கே! இது எங்கேர்ந்து எடுத்தது?"

மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள். அடியில் புள்ளி.

"என் கை பட்டிருக்கும் மேடம். சரியாக் கழுவலையோ என்னவோ." பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அது நிஜமாக இருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது.

"உங்க கையா? சும்மா இருங்கக்கா, உங்க தட்டு என்னிக்குக் கெட்டிருக்கு? சொல்லுங்க, எந்தச் சாக்கடை?"

"சாக்கடை இல்ல மேடம். எங்க வீட்டுக் கிணறு."

மேடம் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "தண்ணியச் சோதிச்சுப் பார்த்துடலாம். அதுவரைக்கும் யாரும் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்க."

தட்டக்கா மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, ஞாபகப்படுத்தத்தானே கூப்பிடறே?" என்று மகள் சிரித்தாள். "நீ சொன்ன மாதிரியே நிறையத் தண்ணி குடிக்கிறேன். காலையிலேர்ந்து நாலு சொம்பு ஆச்சு."