தண்ணீர்க் குழாயும் தடித்த எழுத்தும்

எழுதுகிற பெட்டியைச் செய்தவனை யாரும் நினைப்பதில்லை. அதில் எழுதியது காணாமல் போனால் மட்டும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். கம்ப்யூட்டரில் நீங்கள் தட்டத் தட்ட எழுத்து விழுகிறதே ஒரு வெள்ளைக் கட்டம், அதைச் செய்கிற வேலையைச் சொல்கிறேன். பைத்தான் மொழியில் அதற்கென்று ஆயத்தமாக ஒரு கட்டம் கிடைக்கும். டெக்ஸ்ட் விட்ஜெட் என்பார்கள். அதோடு மல்லுக்கட்டிய தோழர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் எங்கள் பாடு என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

நான் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடத்தியதற்காக வெளியே தள்ளப்பட்டவன். துண்டறிக்கை படித்துத்தான் எழுதக் கற்றேன்; துண்டறிக்கை எழுதித்தான் யோசிக்கக் கற்றேன். பிறகு செங்கல்பட்டில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே கற்றதை எந்தக் கம்பெனிக்கும் விற்கவில்லை. மாமல்லபுரம் சிற்பப் பட்டறைத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுத்தேன். இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சொந்தப் பெட்டி எதற்கு

உளியும் சுத்தியும் மட்டும் இருந்தவரை கல் சில்லாகத் தெறித்தது. பட்டறைகளில் கிரைண்டர் மெஷின் வந்த பிறகு மாவாகப் பறந்தது. அந்த மாவைச் சுவாசித்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். கல்லை அறுக்கும்போது மெஷின் வாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசு எழும்பாது. ஆகவே பட்டறைக்குப் பட்டறை தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கேட்டோம். முதலாளிகள் பதில் சொல்லவில்லை. எங்கள் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த அச்சகத்துக்குத்தான் பதில் போயிருக்கிறது. அடுத்த தடவை போனபோது அச்சகக்காரர் மெஷின் ரிப்பேர் என்றார். உள்ளே அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சரி, சங்கத்துக்கே ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்குவது, எழுதும் மென்பொருளை நானே செய்வது என்று முடிவாயிற்று. ஊரப்பாக்கத்தில் எனக்கு அடுத்த தெருவில் சுந்தர் என்று ஒரு பையன், சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை. அவன் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, எல்லாம் ரெடிமேடா கீது. நான் ஒரு காப்பி போட்டுத் தரேன்" என்றான். திருட்டுக் காப்பி என்று முதலாளிகள் ஒரு புகார் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரோடு சங்க ஆபீஸையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று விளக்கினேன். சுந்தர் சொன்னான்: "ஊர்ல எல்லாரும் தகிரியமா திருடறான். நீ ஒருத்தன்தான் முதலாளிக்கு எதிரா நேர்மையா கீற!"

எல்லாமே முக்கியம்

துண்டறிக்கைக்காரனுக்கு மூன்றே பொத்தான் போதும். ஒன்று அச்சடிக்க, ஒன்று எழுத்தைச் சிவப்பாக்க, இன்னொன்று தடிமனாக்க. போல்ட் பொத்தானை நான் செய்த விதம் இது: தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் எழுத்தைப் பார்க்கும். அது மெலிந்திருந்தால் மொத்தத்தையும் தடிக்க வைக்கும். தடித்திருந்தால் மொத்தத்தையும் மெலிய வைக்கும். புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருந்தது.

புத்தகம் எழுதியவர் எங்கள் செயலாளர் தேவராஜைப் பார்த்ததில்லை. தேவராஜுக்கு எல்லா வரியும் முக்கியம். நோட்டீஸ் முழுவதையும் தேர்ந்தெடுத்து போல்ட் பொத்தானை அமுக்கினார். தலைப்பு ஏற்கெனவே தடித்திருந்ததால் மொத்த நோட்டீஸும் ஒரே நொடியில் இளைத்துப் போனது. பாடுபட்டுத் தடிக்க வைத்த கோரிக்கைகள் எல்லாம் பட்டினி கிடந்தவை மாதிரி நின்றன. அன்றைக்கே விதியை மாற்றினேன். தேர்ந்தெடுத்ததில் ஒரே ஒரு எழுத்து மெலிந்திருந்தாலும் முதலில் எல்லோரையும் தடிக்க வை. ஒருவர் விடாமல் தடித்த பிறகுதான் இளைக்க வைப்பது பற்றிப் பேச்சு. தேவராஜ் மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்: "இது புரோகிராம் இல்ல தோழரே, இது நம்ம கொள்கை விளக்கம்!"

சேவ் பண்ணினால் போதுமா

கட்டத்தில் இருப்பதை எடுத்துக் கொடு என்று கேட்டால் அந்த விட்ஜெட் எழுத்துகளை மட்டும்தான் கொடுக்கும். எது தடிமன், எது சிவப்பு என்கிற அடையாளங்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் நான் சேவ் செய்த நோட்டீஸை மறுநாள் திறந்தால், பத்திரப் பதிவு நகல் மாதிரி ஒரே சீராக வந்தது. பாலிஷ் போடும் பெண்களின் தலைவி பச்சையம்மாள் திரையில் முகத்தை வைத்துத் தேடினாள். இருமிக்கொண்டே தேடினாள். தண்ணீர் கேட்டு எழுதிய வரி அவள் சொன்னது. அவளுக்காகவே அதைச் சிவப்பில், தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்: "இன்னாண்ணா, நேத்து கத்திகினு இருந்துச்சு, இன்னைக்கு முணுமுணுக்குது?"

திரும்பி வந்த வரி

இதுதான் பெரிய பேஜாரு. எங்கள் செயற்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டீஸை எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போதே திருத்த வேண்டும். யாரும் எந்த வரியையும் அடிக்கச் சொல்லலாம், யாரும் அதைத் திரும்பக் கேட்கலாம். காகிதத்தில் நடந்தவரை அடித்த வரி கோட்டுக்குக் கீழே தெரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அழித்தால் போனதுதான். அதற்காக, அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் அண்டூ வைத்தேன். விட்ஜெட்டிலேயே அது உண்டு, புரோகிராமில் ஒரு வார்த்தை எழுதினால் வேலை செய்யும். ஆனால் அழித்த எழுத்தைத்தான் அது திருப்பித் தரும். அந்த எழுத்து தடித்திருந்ததா, சிவந்திருந்ததா என்பது அதற்கு ஞாபகம் இருக்காது.

தேவராஜுக்குத் தூசுக்கு முகமூடி கேட்டால் போதும் என்று எண்ணம். முதலாளிகள் உடனே ஒப்புக்கொள்வார்களாம். பச்சையம்மாளுக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு நாள் தேவராஜ் தண்ணீர் வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பெண்கள் கத்தினார்கள், அண்டூ போட்டேன். வரி வந்தது, மெலிந்து, கறுத்து. மேலே இருந்த முகமூடி வரியோ தடிமனாகச் சிவந்திருந்தது. நானும் தேவராஜும் பேசி வைத்துத்தான் இதைச் செய்கிறோம் என்று ஆகிவிட்டது. விட்ஜெட்டின் குறை இது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆலை வாசலில் தடியடி பட்டபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பச்சையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "திருப்பிக் குடுக்கறவன் எடுத்தாப்பல குடுக்கணும். பாதி குடுக்கறதுக்கு எங்களுக்கு முதலாளியே போதும்."

ஞாபகசக்தி

விட்ஜெட்டோடு வந்த அண்டூவை நிறுத்திவிட்டு, சொந்தமாக ஒன்று எழுதினேன். எதைத் தட்டினாலும் குறித்துக்கொள்ளும்; எதை அழித்தாலும், அழிப்பதற்கு முன் அந்தப் பகுதியை எழுத்து, தடிமன், நிறம் எல்லாவற்றோடும் எடுத்துப் பத்திரப்படுத்தும். திரும்பக் கேட்டால் இருந்தபடியே வைக்கும். செய்து முடித்ததும் சுந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் எழுதுவான், சிவப்பாக்குவான், அழிப்பான், திரும்பக் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தாவை மறந்து அதையே செய்துகொண்டிருந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்: "எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு டீமே வேணும் அண்ணாத்த. நீ கோவத்துலயே பண்ணிட்டியே!"

டீ நேரம்

நோட்டீஸ் ஊரெல்லாம் போனது. வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் கையிலும் போனது. அதற்குப் பிறகுதான் முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள், ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில். ஒப்பந்தம் அங்கேயே தட்டச்சாக வேண்டும். அவர்கள் டைப்பிஸ்ட் வரவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன எங்கள் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் மேசையில் வைத்தேன். முகமூடி, ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அந்த வரியைத் தடித்த சிவப்பில் போட்டேன். அச்செடுக்கும் முன் டீ சாப்பிடலாம் என்றார் முதலாளிகளின் மேனேஜர். தங்கள் பக்கத்துப் பெயர்களை அதற்குள் தானே தட்டி வைப்பதாகவும் சொன்னார்.

திரும்பி வந்ததும் பச்சையம்மாள் திரையில் முகத்தை வைத்தாள். சிவப்பைக் காணோம். அந்த இடத்தில் 'இதர விஷயங்கள் பின்னர் பேசப்படும்' என்று இருந்தது. மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "குழாய் சும்மா பேச்சுல வந்தது. எழுதவே இல்லையே." தேவராஜ் மேசையைத் தட்ட எழுந்தார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அண்டூவுக்கான கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினேன். முதலில் முதலாளிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு 'பின்னர் பேசப்படும்' பின்னாலிருந்து கரைந்தது. மறுபடி அமுக்கினேன். தண்ணீர்க் குழாய் வந்து நின்றது, தடித்து, சிவந்து, நாங்கள் விட்டுப்போன இடத்தில். முதலாளிகள் சங்கத் தலைவர் மேனேஜரைப் பார்க்காமல் பேனாவை எடுத்தார். பச்சையம்மாள் மேனேஜரின் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "தொடச்சா போறதுக்கு இது எங்க மூஞ்சில கீற தூசா சார்?"

அடுத்த சங்க மாநாட்டு அறிக்கையில் குழாயைத் திறந்து வைத்தவர் பெயர் இருந்தது, திறக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் பெயரெல்லாம் இருந்தது, அண்டூ எழுதியவன் பெயர் மட்டும் இல்லை, ஆனால் அந்த அறிக்கையை அவர்கள் தட்டியதும் தடிக்க வைத்ததும் என் பெட்டியில்தான்.